ஒரு ராடு குறையுது!

பி.காம். படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும்? பேங்க், ஆடிட்டர் ஆபீஸ், இல்லாவிட்டால் மாமனார் கடை. எனக்குக் கிடைத்தது லாரி. அதுவும் போர்வெல் லாரி!

திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ரிக் வண்டி மேல்தான் விழ வேண்டும். வட இந்தியாவில் எந்தப் பட்டிக்காட்டில் பூமியைத் துளைத்தாலும் பக்கத்தில் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் லுங்கியோடு நிற்பார். 2011 ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்த கையோடு நாங்களும் கிளம்பினோம். முன்னால் ரிக். பின்னால் ராடு, டீசல், அரிசி மூட்டை, புளி, சமையல்காரர் சகிதம் இன்னொரு லாரி. நான் மேனேஜர். அதாவது, அடிக்கணக்கில் பில் போட வேண்டும். அடி வாங்காமல் பணத்தை வசூலிக்க வேண்டும்!

முதல் முகாம் மத்தியப் பிரதேசம், ஜாபுவா பக்கம். பில் பழங்குடி மக்கள் வாழும் மேட்டுக்காடு. படுக்கை, ராடு அடுக்கிய லாரி மேலேயே. டிசம்பர் குளிரில் இரும்பு ராடு முதுகில் பட்டால் தூக்கம் எங்கே வரும்? பக்கத்து அலிராஜ்பூரில் பார்த்தால்... பனைமரம்! "அட, நம்ம ஊருடா!" என்று டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அன்றைக்குக் கள்ளுக்கு ஆன செலவை 'டயர் பஞ்சர்' என்று எழுதினேன். (முதலாளி இந்த இதழைப் படிக்க மாட்டார் என்று நம்பிக்கை!) ஹோலிக்கு முந்தின வாரம் பகோரியா சந்தை. மேளச் சத்தத்தில் எங்க கம்ப்ரஸர் சத்தமே கேட்கவில்லை என்றால் பார்த்துக்குங்க.

வெயில் ஏறியதும் மகபூப்நகர். இன்றைக்குத் தெலங்கானா, அப்போது ஆந்திரா. 'பாலமூரு' என்றால் தெலுங்கில் எல்லோருக்கும் தெரியும். கட்டட வேலைக்கும் அணை வேலைக்கும் ஊர் ஊராகப் போகிற கூலிகளின் சீமை. நாங்கள் பிழைக்க வந்த ஊரிலிருந்து அவர்கள் பிழைக்கப் போயிருந்தார்கள்!

அங்கே ஒரு அம்மா. புருஷன் புனாவில் சித்தாள் வேலை. அவர் அனுப்பிய பணத்தில் இரண்டு ஏக்கருக்கு போர். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்த பெரியவர் காட்டிய பாயின்ட்டில் வண்டியை நிறுத்தினோம்.

ஒரு ராடு இருபது அடி. தண்ணி வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு என்று கொடுத்தாக வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. ஐந்தாவது ராடில் புழுதி லேசாக ஈரமாக வந்தது. அந்தம்மா மஞ்சள் குங்குமத்தோடு ஓடி வந்தார். அதற்கப்புறம் வெறும் புகை. கருங்கல் மாவு எங்கள் தலையெல்லாம் படிந்து, நான் இருபத்திரண்டு வயசிலேயே கிழவனாக நின்றேன்.

பதினைந்தாவது ராடில் டிரில்லர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். "இன்னொரு ராடு போடு தம்முடு" என்றார். பதினாறு. "இன்னொண்ணு." பதினேழு... இருபதில் அவரே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். நானூறு அடி.

சின்னப் பையன் ஒருத்தன் ஓட்டையில் எட்டிப் பார்த்தான். மூடாத குழிகள் பற்றி 2010-லேயே சுப்ரீம் கோர்ட் விதி போட்டிருக்கிறது. அது தெரியாதவர்கூட அந்தப் பையனைப் பார்த்தால் மூடியிருப்பார். கல்லும் மண்ணும் போட்டு மேல் வரை ரொப்பினோம்.

அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நோட்டுகள். கூடவே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. "இது வேண்டாம்மா" என்று கொலுசைத் திருப்பிக் கொடுத்தேன். காலேஜில் 'வந்ததை டெபிட் செய், போனதை கிரெடிட் செய்' என்று படித்தவன், பில்லில் பத்தொன்பது ராடு என்று எழுதினேன். டிரில்லர் அண்ணன் பில்லைப் பார்த்தார், பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு லாரி பக்கம் போய்விட்டார்.

ஜூனில் மழை பிடித்தது. ஈரக் காட்டில் லாரி இறங்கினால் புதைந்துவிடும், சீசன் முடிந்தது. ஊர் வந்து முதலாளி எதிரில் நோட்டை வைத்தேன். டீசலையும் அடியையும் மனக்கணக்காகவே ஒப்பிட்டுப் பார்க்கிற மனுஷன். மகபூப்நகர் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒரு ராடு குறையுதே தம்பி?"

நான் பேசவில்லை.

"தண்ணி வந்துச்சா?"

"இல்லீங்க."

பக்கத்தைப் புரட்டினார். "பி.காம். படிச்சு என்ன பிரயோஜனம், கூட்டல் தெரியலியே" என்றபடி சம்பளக் கவரை நீட்டினார். வெளியே வந்து எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை.