மலைவீட்டுக்கு ஒரு காப்பிக் கருவி

வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது நம் குடும்பங்களின் வழக்கமன்று. வெயிலில் வந்தவருக்கு மோரோ சர்பத்தோ கொடுக்கிறோம். மாலையில் வந்தவருக்குத் தேநீரோ காப்பியோ கொடுக்கிறோம். உபசாரம் சிறியதுதான். ஆயினும் அதற்கென எந்தக் கருவியை வாங்கி வைப்பது என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் பெரிய விவாதமாகியிருக்கிறது. மூத்தவர்கள் பழைய பில்டரைக் கைவிட மனமின்றி இருக்கிறார்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் பிள்ளைகள், பொத்தானை அழுத்தினால் நுரை பொங்கக் காப்பி தரும் மின்கருவியை வாங்கித் தர விரும்புகிறார்கள். இரு தரப்புக்கும் இடையே அடுப்படியில் நிற்கும் பெண்மணியின் கருத்தை மட்டும் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

காப்பி நமக்கு அந்நியமான பானம் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. தமிழகத்தில் தேநீர் முஸ்லிம்களுக்கும், காப்பி பிறருக்கும் உரியதென்று ஒரு பேச்சு நெடுநாளாக வழங்கி வருகிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள், இரவு திக்ரில் உறக்கம் தாக்காதிருக்கக் கஹ்வா அருந்தினர். சிவந்த மண்பாண்டம் ஒன்றில் அதை நிரப்பி வைத்து, சபையின் தலைவர் சிறு அகப்பையால் முகந்து வலப்புறமாக வரிசைப்படி வழங்குவார் என்று பதினாறாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அப்துல் காதிர் அல்ஜஸீரி எழுதி வைத்திருக்கிறார். காப்பிக்கென்று நாம் அறிந்த முதற்கருவிகளுள் அந்த மண்பாண்டத்தையும் அகப்பையையும் சேர்க்கலாம்.

1511ஆம் ஆண்டில் மக்காவின் அதிகாரியாயிருந்த காயிர் பேக் என்பவர் அறிஞர்களைக் கூட்டி, இப்பானத்தைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்து வந்த ஆணையால் அத்தடை விரைவிலேயே தளர்ந்தது. நம் நாட்டிற்கு இச்செடி வந்த கதையிலும் ஓர் இறைநேசரின் பெயரே நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புகையில் யமனின் மோக்கா துறையிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து, கன்னட நாட்டின் சிக்கமகளூரை அடுத்த மலையில் ஊன்றினார் என்பது மரபு. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே ஒரு வாய்க் காப்பிக்கு நாம் யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். நாம் ஜவ்வாது மலைமேல் குடியிருக்கிறோம். நம் வீட்டு விழாக்களில் பூசும் ஜவ்வாதின் பெயரே இம்மலைக்கும் வாய்த்திருக்கிறது. சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் பெயர் பெற்ற மலை இது. காப்பித் தோட்டங்களுக்கு நீலகிரியையும் சேர்வராயன் மலையையும் பழனி மலையையும் ஆனைமலையையும் சொல்வார்கள். எனவே நமக்குத் தூள் கீழிருந்துதான் வர வேண்டும். வாணியம்பாடியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ பேருந்தில் ஏறி வரும். கருவியைத் தேர்ந்தெடுக்கையில் இந்த மலைவாழ்வை மறந்துவிடலாகாது. மூன்று காரியங்கள் சமவெளியிலிருந்து இங்கே மாறுபடுகின்றன: நீர், மின்சாரம், பழுதுபார்ப்பு.

முதலில் நீர். ஆலங்காயத்தைக் கடந்து ஏறினால் காவலூர் வருகிறது. வைணு பாப்பு வானாய்வு நிலையமும், 1986இல் தொடங்கி வைக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இருக்கின்றன. அவ்விடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்திற்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைகிறது. ஆகவே சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இங்கே ஏறத்தாழ 97 அல்லது 98 பாகையிலேயே கொதித்துவிடும். காப்பித்தூளின் சாரம் நன்கு இறங்குவதற்கு 90 முதல் 96 பாகை வரையிலான வெப்பம் ஏற்றது என்பார்கள். அதற்கு மேற்பட்டால் கசப்பு மிகும். மலைமேல் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்து ஊற்றினாலே வெப்பம் ஏறக்குறையச் சரியாக அமைந்துவிடுகிறது. வெப்பத்தைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் கருவிக்கு இங்கே அவ்வளவாக வேலையில்லை.

அடுத்தது மின்சாரம். காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மலைமேல் அது சீராவதற்கு நேரம் பிடிக்கிறது. நீரைச் சூடாக்கும் எந்த மின்கருவியும் ஆயிரம் வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். வீட்டுக்கு வைத்திருக்கும் சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டு வருவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அந்நாட்டுக் கருவியை இங்கே அப்படியே பொருத்தினால் அது கருகிவிடும்.

மூன்றாவது பழுதுபார்ப்பு. உறவினர் இல்லமொன்றில் மகன் அனுப்பிய அழகிய மின்கருவி, ஒரு சிறு ரப்பர் வளையம் கிழிந்த காரணத்தால் பெட்டிக்குள் உறங்குவதைப் பார்த்திருக்கிறோம். வளையத்தின் விலை சொற்பம்; ஆனால் அது கிடைக்கும் ஊர் தொலைவு. கருவியை வாங்குமுன் அதன் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது, விலையைக் கேட்பதற்கு ஒப்பான முக்கியம் உடையது.

இப்போது கருவிகளை ஒவ்வொன்றாக எடை போடுவோம்.

நம் பில்டர் இரண்டு உருளைகளைக் கொண்டது. மேலுருளையின் அடியில் நுண்துளைகள் இருக்கும். தூளை இட்டு, குடை போன்ற அழுத்தியால் மெல்ல அமுக்கி, வெந்நீரை ஊற்றி மூடிவிட்டால், டிக்காஷன் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாகக் கீழிறங்கும். மின்சாரம் வேண்டாம், ரப்பர் வேண்டாம், உடையும் கண்ணாடி இல்லை. துளைகள் அடைபட்டால் அடுப்புத் தணலில் காட்டி எரித்துத் தட்டினால் போதும். அதன் குறை காலம். கால் மணி நேரமேனும் பொறுக்க வேண்டும். திடீரென்று பத்துப் பேர் வந்துவிட்டால் சிறிய பில்டர் கைகொடுக்காது.

இத்தாலியில் 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி உருவாக்கிய மோக்கா பாத்திரம் இரண்டாவது. அடித்தட்டில் நீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் நீராவியின் அழுத்தம் சுடுநீரைத் தூளின் வழியே மேலேற்றிவிடும். ஐந்து நிமிடத்தில் அடர்ந்த காப்பி கிடைக்கும். யமனின் அதே மோக்கா துறையின் பெயரைத்தான் இத்தாலியர் இதற்குச் சூட்டினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அலுமினியத்தால் ஆனது இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. ரப்பர் வளையத்தை அவ்வப்போது மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது, தூளையும் நீரையும் சேர்த்து ஊறவைத்து, வலைத்தட்டால் அழுத்தி வடிக்கும் கண்ணாடிக் குவளை. நான்காவது, தாளில் வடிக்கும் முறை. 1908இல் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி தம் மகனின் மையொற்றுத்தாளைக் கொண்டு இதனைக் கண்டார். அடுப்படியில் கசப்பான காப்பியைக் குடித்துச் சலித்த ஓர் இல்லத்தரசியின் கண்டுபிடிப்பு இது. இம்முறைக்கு ஒரு மருத்துவ நன்மையும் உண்டு. காப்பிக்கொட்டையில் உள்ள கொழுப்புப் பொருள் ஒன்று இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தும். தாள் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கொதிக்க வைத்த காப்பியிலும் அழுத்தி வடித்த காப்பியிலும் அது மிகுதி. கொலஸ்டிரால் உள்ள முதியவர் இருக்கும் வீட்டில் இதை நினைவில் வைப்பது நலம். ஆனால் தாள் தீர்ந்தால் மலையிறங்க வேண்டும்.

ஐந்தாவது, எஸ்பிரெஸோ இயந்திரம். காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அரை நிமிடத்திற்குள் காப்பியை இறக்கும். சுவையில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதற்கேற்ற மென்மையான அரைப்பு, நாள்தோறும் துப்புரவு, நீரின் உப்புப் படிவை நீக்கும் வேலை என்று பல பணிகள் அதனோடு வருகின்றன. பிள்ளை பரிசாக அனுப்புகிறான். அதைக் கழுவித் துடைக்கும் கடமை தாயின் தலையில் விழுகிறது.

கருவியைவிடத் தூள் முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கலவை அளவு உறைமேல் அச்சிடப்பட்டிருக்கும். பாதி சிக்கரியான தூளை ஆயிரக்கணக்கான ரூபாய் இயந்திரத்தில் இட்டாலும் அது சிக்கரியாகவே இறங்கும். மலைக்கு மாதம் ஒருமுறை தூள் வருவதாயின், காற்றுப் புகாத கலத்தில் சிறிது சிறிதாக வைத்துக் கொள்வது நன்று.

இனி, நம் இல்லத்தின் கால அட்டவணையை எண்ணிப் பார்ப்போம். ரமளானில் பெண்கள் தராவீஹ் முடித்து நள்ளிரவில் சிறிது கண்ணயர்ந்து, ஸஹருக்கு எல்லோருக்கும் முன்பாக எழுகிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது, முன்னிரவிலேயே தூளும் நீரும் இட்டு வைத்தால் எழும்போது டிக்காஷன் இறங்கித் தயாராயிருக்கும் ஒரு பாத்திரம். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. பாலைக் காய்ச்சினால் போதும். பில்டர் இந்த வேலையை ஓசையின்றிச் செய்கிறது. கருவுற்ற பெண்கள் மட்டும் அளவறிந்து அருந்த வேண்டும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்கு மேற்படலாகாது என்பது மருத்துவர் அறிவுரை.

அதனால் மின்கருவியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. நகரத்தில், தடையற்ற மின்சாரமும் பழுதுபார்ப்பவரும் அருகிருக்க, காலையில் கணவனும் மனைவியும் பணிக்கு ஓடும் வீட்டில் அது உற்ற துணையாகலாம். அங்கே அது ஆடம்பரம் ஆகாது. வந்தவர் வியக்க வேண்டும் என்பதற்காகக் கூடத்தில் வைத்து, மாதம் இருமுறை மட்டும் இயக்கினால் அதுவே வீண்விரயம். பொருளை வீணாக்குவதை நம் மார்க்கம் வெறுக்கிறது. அதன் அளவுகோல் விலையில் மட்டுமில்லை, பயனிலும் இருக்கிறது.

மலைமேலுள்ள ஓர் இல்லத்திற்கு நம் தேர்வைக் கேட்டால், எவர்சில்வர் பில்டர் இரண்டு என்போம். நாள்தோறும் வீட்டாருக்குச் சிறியதொன்று. பெருநாளுக்கும், நிக்காஹ் பேச வருவோருக்கும், துக்கம் கேட்க வருவோருக்கும் பெரியதொன்று. அவசரத்திற்கு மோக்கா பாத்திரம் ஒன்று சேர்ந்தால் நன்று. அதனோடு உதிரி வளையங்கள் இரண்டையும் வாங்கி வந்துவிட வேண்டும். இவ்வளவும் ஓர் எஸ்பிரெஸோ இயந்திரத்தின் விலையில் சிறு பங்கே ஆகும்.

கடைக்குப் போகுமுன் வீட்டார் கூடி அமர்ந்து பேசட்டும். அப்பேச்சில் முதற்சொல் அடுப்படியில் நிற்பவருடையதாக இருக்கட்டும். தொலைவிலிருந்து அனுப்ப விரும்பும் மகனும், கருவியின் படத்தை அனுப்புமுன், "அம்மா, உங்களுக்கு எது எளிது?" என்று ஒரு சொல் கேட்கட்டும். அவர் பில்டர் போதும் என்றால் மிச்சப்பணத்தில் நல்ல தூள் வாங்கலாம். மின்கருவிதான் வேண்டும் என்றால் அதைக் கழுவும் முறையைப் பிள்ளைகளும் கற்றுக் கொள்ளலாம்.