ஏழரை மணி க்ரான்

"கையால அடிச்சா ஓடுதுங்க, க்ரான்ல போட்டா மட்டும் ஓட மாட்டேங்குது." பொட்டி தட்டுற நம்ம மக்கள்ல இதைப் புலம்பாத ஆள் குறைவு. சர்வர்ல குறிச்ச நேரத்துக்குக் கட்டளையை ஓட்டித் தர்ற இந்த க்ரான், இன்னைக்கும் பல லினக்ஸ்ல பால் விக்ஸி 1987ல எழுதினதோட வாரிசுதான். சொன்னதை அப்படியே செய்யும். வம்பே அதுதான்.

போன தீபாவளிக்கு முன்னாடி நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். அவரோட அண்ணி வீட்டுல இருந்தே சேலை வியாபாரம் பண்றாங்க, ஆர்டர் எல்லாம் வெப்சைட்லதான். யாரோ ஆர்டர் டேபிளையே அழிச்சுட்டாங்க. "பேக்கப் இருக்குப்பா, தினமும் ராத்திரி எடுக்குது"ன்னார். போய்ப் பார்த்தா ஒரே ஒரு ஃபைல், ஏழு மாசத்துக்கு முந்தினது. அவர் கையால ஓட்டிப் பார்த்த அன்னைக்கு உருவானது!

குற்றவாளி ஒரு % குறி. ஃபைல் பேர்ல அன்றைய தேதி வரணும்னு டேட் கட்டளையை % போட்டு எழுதியிருந்தார். டெர்மினல்ல அது சரியா வேலை செய்யும். ஆனா க்ரான்டேப் வரியில % வந்தா, கட்டளை அங்கேயே முடிஞ்சதுன்னு க்ரான் எடுத்துக்கும். மிச்சத்தை உள்ளீடா அனுப்பிடும். பாதியில வெட்டுப்பட்ட கட்டளை தினமும் கிளம்பி தினமும் செத்திருக்கு. % முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டிருந்தா போதும். இல்லைன்னா எல்லாத்தையும் ஒரு ஸ்கிரிப்ட்ல எழுதி, க்ரான்ல அந்த ஸ்கிரிப்டை மட்டும் கூப்பிடலாம். நான் ரெண்டாவது கட்சி.

ஏழு மாசமா யாருக்குமே தெரியலையான்னு கேப்பீங்க. க்ரான் சொல்லத்தான் செஞ்சது. பிழைச் செய்தியை அது மெயில்ல அனுப்பும். அந்த சர்வர்லயோ மெயில் அனுப்புற மென்பொருளே கிடையாது. அதனால செய்தியைத் தூக்கிப் போடுறேன்னு லாக்ல தினம் ஒரு வரி எழுதி வெச்சிருக்கு. யார் பார்த்தா? அண்ணி மூணு நாள் உக்காந்து, வாட்ஸ்அப்பையும் பேங்க் மெசேஜையும் வெச்சு ஒவ்வொரு ஆர்டரா திரும்ப எழுதினாங்க. அந்த வாரத்துலயே அவங்களுக்கு வருஷத்துல பெரிய வியாபாரம். இப்போ பிழைச் செய்தியையும் சேர்த்து ஒரு ஃபைல்ல விழற மாதிரி 2>&1 போட்டு வெச்சாச்சு.

% இல்லைன்னா அடுத்த சந்தேகம் பாத். நாம லாகின் பண்ணினா கிடைக்கிற சூழல் க்ரானுக்குக் கிடைக்காது. டெபியன்ல ரெண்டே டைரக்டரியிலதான் கட்டளையைத் தேடும், ஷெல்லும் பாஷ் இல்லை, டாஷ். முழுப் பாதை கொடுத்துடுங்க. அப்பவும் புரியலைன்னா, என்வ் கட்டளையை க்ரான்ல நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டி ஃபைல்ல கொட்டி, உங்க டெர்மினல்ல வர்றதோட ஒப்பிட்டுப் பாருங்க.

% சரியானதும் மறுநாள் பேக்கப் வந்துச்சு, ஆனா காலையில. சர்வர் யுடிசி நேரத்துல இருக்கு. அங்க ராத்திரி ரெண்டுன்னா நமக்கு ஏழரை. "ஏழரை இன்னும் விடலையா?"ன்னார் நண்பர் :-) இப்போ 20:30ன்னு மாத்தியிருக்கோம். நமக்கு அது ராத்திரி ரெண்டு மணி.