ஆழாக்கு அரிசிக்கு ஓர் அடுப்பு

தனியாகச் சமைக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" ரசம், முட்டைப் பொரியல், தக்காளிச் சாதம் என்று ஏதாவது ஒரு பதார்த்தத்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் ஆழாக்கிலிருந்து என்று சொல்வேன். படியில் எட்டில் ஒரு பங்கு, மில்லிக் கணக்கில் 168. ஓர் ஆழாக்குப் புழுங்கலரிசி பொங்கினால் ஓர் ஆளுக்கு மதியம் வயிறாரச் சாப்பிடலாம், ராத்திரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். இந்த ஓர் அளவு கைக்குப் பிடிபடாமல் எந்தக் குழம்பைக் கற்றுக்கொண்டும் பிரயோசனம் இல்லை. சோறு மலையாகக் குவியும், குழம்பு போதாது. மறுநாள் குழம்பு மிஞ்சும், சோறு இருக்காது.

காரைக்குடிப் பக்கம் கண்டனூரில், அத்தனை பெரிய வீட்டில், ஒற்றை ஆளாகப் பொங்கிச் சாப்பிடுகிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றதும் அவர்கள் கண்முன் வருவது கல்யாணப் பந்தி. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட எங்கள் வளவு வீடுகளில் தினப்படி நடந்தது வேறு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' எங்கள் நகரத்தார் சமூகத்தின் வழக்கம். வீட்டைவிட்டு அனுப்புவது என்று நினைத்துவிட வேண்டாம். அதே வீட்டில் அவர்களுக்கென்று ஓர் அறை, பின்கட்டில் ஓர் அடுப்பு, பாத்திரம் பண்டம், வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிவைத்த செலவுப் பணம். நான்கு மகன்கள் என்றால் நான்கு உலை. கணவனை இழந்த தாய்கூடத் தன் உலையைத் தனியே வைத்துக்கொள்வது உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில் இந்த வழக்கமும் பதிவாகியிருக்கிறது.

ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிவிடுவார்கள். அங்கே தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கிற கிட்டங்கியில் சமையலாள் எல்லாருக்கும் பொதுவாகப் பொங்கிப் போடுவார். இங்கே வீட்டில் மனைவி, அதாவது ஆச்சி, தனக்கும் பிள்ளைக்குமாக அளந்து உலை வைப்பார். அளந்து சமைக்கிற கை ஆச்சிமாருக்குத்தான் வாய்த்தது, ஆண்களுக்கு வாய்க்கவில்லை. என் வயசுக்காரர்கள் பலர் அந்தப் பாக்கியை இப்போதுதான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலுக்கு நான் அரைப்புள்ளி, சரி. அடுப்புக்கு அரைத் தீ என்று ஒன்று கிடையாது. தனிச் சமையலின் சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

நாலு பேருக்கு எழுதிவைத்த குழம்பை நாலால் வகுத்தால் ஓர் ஆள் குழம்பு வராது. புளி, மிளகாய், காய் எல்லாம் வகுபடும். தண்ணீர் வகுபடாது. பாத்திரத்தின் வாய் அதே அகலம், தீயும் ஏறக்குறைய அதேதான். ஆகவே கொஞ்சத் தண்ணீர் மளமளவென்று வற்றிவிடும். புளியின் பச்சை வாசம் போவதற்குள் குழம்பு தொக்காகி, உப்பு கரிக்கும். அதனால் அகன்ற சட்டியைத் தொடக்கூடாது. வாய் குறுகிய, அடி கனமான சின்னப் பாத்திரம் வேண்டும். தண்ணீரைக் கணக்குக்கு மேல் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். உப்பைப் பாதி முதலிலும் மீதியை இறக்கும்போதும் போட வேண்டும். தாளிப்பும் வகுபடாது. கால் ஸ்பூன் எண்ணெயை வாணலியில் விட்டால் கடுகு எண்ணெயில் முங்காது, கருகும். குழிவான இரும்புத் தாளிப்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெயே ஆழமாக நிற்கும், கடுகு படபடவென்று பொரியும். தனி ஆள் வாங்க வேண்டிய முதல் இரும்புச் சாமான் அதுதான்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பையன் அவ்வப்போது வந்து கேட்பான்.

"ஐயா, சாதத்துக்கு எத்தனை விசில்?"

"எந்த அரிசி தம்பி?"

"கடையில கொடுத்த அரிசி."

இதற்கு என்ன பதில் சொல்வது? பக்கத்திலேயே புதுவயல், வரிசையாக அரிசி ஆலைகள். எங்கள் ரயில் நிலையத்துக்கே 'கண்டனூர் புதுவயல்' என்றுதான் பெயர். இங்கே இருந்துகொண்டு அரிசி பழசா புதுசா என்று கேட்காமல் வாங்கலாமா? பழைய அரிசி தண்ணீர் குடிக்கும், புது அரிசி குழையும். புழுங்கலரிசியை அரைமணி ஊறவைத்து ஒன்றுக்கு மூன்று தண்ணீரில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பார்த்து, அந்த மூட்டைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க வேண்டும். விசில் எண்ணுவது தீயைப் பொறுத்து மாறும், அதை நம்பக் கூடாது. ஓர் ஆழாக்கை ஐந்து லிட்டர் குக்கரில் நேரே போடவும் கூடாது. மூன்று லிட்டர் குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றி, அரிசியைச் சின்னப் பாத்திரத்தில் உள்ளே வைத்தால், மேலே ஒரு கிண்ணத்தில் பருப்பும் வெந்துவிடும்.

முதல் குழம்பாக நான் சொல்வது மண்டி. தேங்காய் இல்லை, பருப்பு இல்லை, அரைக்கிற வேலை இல்லை. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை எடுத்துவைக்க வேண்டும். அதில் கொட்டைப்பாக்கு அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, சிட்டிகை வெந்தயம். சின்ன வெங்காயம் ஐந்தாறு, பூண்டு நான்கு பல், இரண்டையும் உரித்து முழுசாகவே போட வேண்டும். கீறிய பச்சை மிளகாய், நறுக்கிய வெண்டைக்காய். வெண்டைக்காயின் பிசுபிசுப்பு அடங்கும்வரை வதக்கிவிட்டுப் புளித்தண்ணீரை ஊற்றித் தீயைக் குறைக்க வேண்டும். முதலில் கலங்கலாக, ஒன்றுக்கும் உதவாதது மாதிரி இருக்கும். சின்னச் சின்னக் குமிழியாகச் சலசலவென்று கொதிக்கும். அரிசிக் கஞ்சி இறுக இறுகக் குமிழி பெரிதாகும், மெதுவாக வெடிக்கும், ஓரத்தில் எண்ணெய் கசியும். அப்போது உப்புப் பார்த்து இறக்கினால் சரியாக இருக்கும். மறுநாள் தயிர்ச்சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும். மிஞ்சிய சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றிவைத்தால் காலைக்குப் பழைய சோறு, தொட்டுக்கொள்ள அதே மண்டி.

மசாலா விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று நூறு நூறு கிராமாக வாங்கி அடுக்குகிறார்கள். கல்பாசி ஒரு சிட்டிகை போதுகிற சாமான். தனி ஆளுக்கு நூறு கிராம் தீர்வதற்குள் வாசம் போய் வெறும் தூசியாகிவிடும். பொடியாக வாங்கினால் அதற்கு முன்பே போய்விடும். சோம்பு, மிளகு, சீரகம் மூன்றையும் முழுசாக, ஐம்பது கிராமுக்கு மேல் போகாமல் வாங்கினால் ஆரம்பத்துக்குத் தாராளம். கோழி வறுவலுக்கு அவசரம் வேண்டாம். அதுவரை ஆசைக்கு, காரைக்குடியில் மெஸ்களுக்கா பஞ்சம்?

மிக்ஸியும் உடனே வேண்டாம். குக்கர், சின்னப் பாத்திரம், தாளிப்புக் கரண்டி, ஆழாக்கு, இவை போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பித்தளை ஆழாக்கைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது ஷோகேஸில் வைப்பதற்கு. பாத்திரக் கடையில் எவர்சில்வர் ஆழாக்கு கேட்டு வாங்குங்கள், அதை அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டுவையுங்கள்.