நின்னா போயிடுது, டாக்டரே

நீண்ட பதிவு. காலையில் ஓடுறவங்க, நடக்கிறவங்க, வீட்டில் அப்படி ஒருத்தர் இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

கார்த்திகை பிறந்தாலே ஓ.பி.யில் ஒரு கேள்வி தவறாம வரும். "பனியா இருக்கே டாக்டர், காலையில ஓடலாமா?" தாராளமா ஓடுங்கன்னு ஒரே வரியில் சொல்லி அனுப்பிடுவேன். போன வருஷத்துக்கு அப்புறம் அப்படிச் சொல்றதில்லை. ரெண்டு கேள்வி கேட்டுட்டுத்தான் சொல்றேன். அதுக்குக் காரணம் என் தப்பு ஒண்ணு.

எனக்கு ஊர் ராஜபாளையம். ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடுறதுக்குப் பேர் கொடுத்திருந்தேன். அதுக்குப் பயிற்சியா ஞாயிறுதோறும் ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டம். பதினோரு கிலோமீட்டர் சொச்சம் வரும். அங்கே டீ குடிச்சிட்டு, முடிஞ்ச வரைக்கும் திரும்ப ஓட்டம், மிச்சத்துக்கு பஸ்.

கூட ஓட வருவார் ஒரு அண்ணாச்சி. வயசு 56. மில்லில் சூப்பர்வைசர். பீடி, சிகரெட் கிடையாது. சர்க்கரை கிடையாது. பிரஷருக்கு ஒரு மாத்திரை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுறேன். "பேரை மட்டும் போட்டுராதீங்க"ன்னார்.

காலை அஞ்சு மணிக்கு பஞ்சு மார்க்கெட் பக்கம் கிளம்புவோம். நம்ம ஊர்க் குளிர் என்ன பெரிய குளிர்? 20 டிகிரி. ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா வருஷம் முழுக்க வெயிலில் வெந்த உடம்புக்கு அந்த 20 டிகிரியே குளிர்தான். டீக்கடைகளில் பெஞ்சு தூக்கிப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. ரோட்டில் செங்கோட்டை பக்கம் போகிற லாரிகள், மாலை போட்ட ஐயப்ப சாமிகளோட வேன்கள். ஊரைத் தாண்டிட்டா இடது பக்கம் மேற்கு மலை கறுப்பா, மேகத்தைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கும். எதிரே வாடைக்காற்று.

இந்த வாடைக்காற்றை மறந்துடாதீங்க. கதையே அதில்தான் இருக்கு.

முதல் வாரம் ரெண்டாவது கிலோமீட்டரில் அண்ணாச்சி நின்னுட்டார். "நெஞ்சுல லேசா புடிக்கிற மாதிரி இருக்கு டாக்டரே." ரெண்டு நிமிஷம் நின்னார். சரியாயிடுச்சுன்னு திரும்ப ஓடினார். அப்புறம் ஒன்பது கிலோமீட்டரும் என்னை விட வேகம். நான் என்ன சொன்னேன்? "குளிர் காத்து உள்ள போனா மூச்சுக்குழாய் கொஞ்சம் இறுகும் அண்ணாச்சி. உடம்பு சூடானா சரியாயிடும்."

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா தப்பு.

ரெண்டாவது வாரமும் கிட்டத்தட்ட அதே இடம், அதே பிடிப்பு. திரும்பி வரும்போது ஒண்ணுமே இல்லை. "பாருங்க, வாயுதான் போல"ன்னு அவரே சமாதானம் சொல்லிக்கிட்டார். நானும் தலையாட்டினேன். பத்து கிலோமீட்டர் ஓடுற மனுஷனுக்கு இதயத்தில் என்ன கோளாறு இருக்கப் போகுது? இதுதான் என் மண்டையில் ஓடினது. வெட்கமா இருக்கு, ஆனா உண்மை.

மூணாவது வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயில் பக்கம் ஒரு டீக்கடை. டம்ளரைக் கையில் வச்சுக்கிட்டே அண்ணாச்சி சொன்னார்: "ஒரு நல்ல பல் டாக்டரா சொல்லுங்க. ஓட ஆரம்பிச்சா கீழ்த்தாடை வலிக்குது. நின்னா போயிடுது."

எனக்கு டீ தொண்டையிலேயே நின்னுடுச்சு.

நாம ஓடுறோமா நிக்கிறோமான்னு பல்லுக்குத் தெரியாது. இதயத்துக்குத்தான் தெரியும்.

"அண்ணாச்சி, உங்க அய்யா எப்படி இறந்தார்?" மூணு வருஷமா கூட ஓடுறேன், அன்னைக்குத்தான் கேட்டேன். "வயக்காட்டுல விழுந்துட்டாரு. 48 வயசு. பூச்சி கடிச்சிருக்கும்னு சொன்னாங்க. கடிவாய் எதுவும் இல்லை."

அன்னைக்குத் திரும்ப ஓடலை. பஸ் ஏறினோம். என் கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தேன். நார்மல். ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தோம். அதுவும் நார்மல். "அப்பறம் என்ன டாக்டரே, அடுத்த ஞாயிறு போவோமா?"ன்னார். நான் விடலை. மதுரையில் இதய நிபுணர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டிரெட்மில் பரிசோதனை. மூணாவது நிமிஷமே இ.சி.ஜி. கோடு இறங்க ஆரம்பிச்சது, நிறுத்திட்டாங்க. ஆஞ்சியோகிராம் எடுத்தா, இதயத்தோட முன்பக்க முக்கியக் குழாயில் 90 சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வச்சாங்க.

அப்போ பத்து கிலோமீட்டர் எப்படி ஓடினார்? உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

சில பேருக்கு ஆஞ்சைனா இப்படித்தான் வரும். முதல் உழைப்பில் நெஞ்சு இறுகும், கொஞ்சம் நின்னாலோ வேகத்தைக் குறைச்சாலோ விடும், அப்புறம் அதே வேலையை வலியில்லாம செய்ய முடியும். மருத்துவத்தில் இதை வார்ம்-அப் ஆஞ்சைனான்னு சொல்வோம். வலி போயிடுச்சுன்னா அடைப்பு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. படுத்திருக்கும்போது எடுக்கிற இ.சி.ஜி. நார்மலா இருக்கிறதாலயும் அடைப்பு இல்லைன்னு ஆகிடாது. மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தாத்தானே சத்தம் கேட்கும்?

குளிருக்கு இதில் என்ன பங்கு? குளிர் பட்டதும், சூட்டைச் சேமிக்கத் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூடுதல் பளுவுக்கு எதிரா பம்ப் பண்ணணும். முகத்தில் நேரா காற்று அடிச்சா இன்னும் அதிகம். அதிகாலையில் கார்ட்டிசால், அட்ரினலின் எல்லாம் இயல்பாவே உயரும். மாரடைப்பு காலை 6 மணிக்கு மேல் மதியம் வரைக்கும் அதிகமா வருதுன்னு 1985லேயே பெரிய ஆய்வு வந்தாச்சு. அண்ணாச்சிக்குப் போகும்போது வாடை எதிரே, உடம்பும் சூடாகலை. வரும்போது காற்று முதுகில், உடம்பும் சூடாயிடுச்சு, வெயிலும் வந்துடுச்சு. அவர் சொன்னது ஒவ்வொண்ணும் துப்புதான். எனக்குத்தான் காது இல்லை.

1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன்னு ஒரு மருத்துவர் இந்த நோயைப் பத்தி ஒரு கட்டுரை வாசிச்சார். இ.சி.ஜி. கிடையாது, ஸ்டெதஸ்கோப்கூட அப்போ கிடையாது. நடக்கும்போது நெஞ்சில் வரும், நின்னா மறையும்னு நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே ஆஞ்சைனாவை விவரிச்சார். என் கையில் எல்லாக் கருவியும் இருந்தது.

ஓடுறவங்களுக்கு இன்னொரு பெயரும் தெரியணும். ஜிம் ஃபிக்ஸ். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பிரபலமாக்கின எழுத்தாளர். ஓட ஆரம்பிச்சு எடை குறைச்சார், சிகரெட்டை விட்டார். 1984 ஜூலையில் ஓடும்போதே இறந்தார், வயசு 52. இதயக் குழாய்களில் பெரிய அடைப்புகள். அவர் அப்பா 43 வயசில் மாரடைப்பில் போனவர். ஓட்டம் நல்ல மருந்து. ஆனா அப்பா கொடுத்த சொத்தை அது முழுசா அழிச்சிடாது.

சரி, நீங்க என்ன செய்யணும்?

கிளம்பினதும் வேகம் வேண்டாம். பத்து பதினைந்து நிமிஷம் நடை, அப்புறம் மெது ஓட்டம்.

காதையும் கழுத்தையும் மூடுங்க. கூசாதீங்க. மப்ளர் கட்டினா யாரும் கிழவன்னு சொல்லிட மாட்டாங்க, சொன்னாலும் பரவாயில்லை.

இருட்டு ரோட்டில் வெளிச்சம் பட்டா மின்னுற ஜாக்கெட் போட்டு, வண்டி எதிரே வர்ற வலது ஓரமா ஓடுங்க.

குளிரில் தாகம் தெரியாது. தண்ணியை மறக்காதீங்க.

ஆஸ்துமா இறுக்கம் பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்தின பிறகு, அஞ்சு பத்து நிமிஷத்தில் கூடும், விசிலும் இருமலும் வரும். ஓடும்போது வந்து நின்னதும் மறையுற பிடிப்பு, அது நெஞ்சோ தாடையோ இடது கையோ மேல்வயிறோ, இதயம்னு நினைச்சே ஆரம்பிங்க. அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

நின்னும் போகலையா, வியர்த்துக் கொட்டுதா? 108. நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. 2023இல் தொடங்கின இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கிறாங்க.

நாப்பது தாண்டினவங்க, வீட்டில் இளவயசுச் சாவு உள்ளவங்க, புதுசா ஓட ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு முறை பரிசோதிச்சுக்கோங்க. "திடீர்னு விழுந்தார்", "காத்துக்கறுப்பு அடிச்சது", "பூச்சி கடிச்சது"ன்னு வீட்டில் சொல்லி வச்ச கதைகளை ஒரு தடவை திரும்பக் கேளுங்க.

இப்போ ஓ.பி.யில் நான் கேட்கிற ரெண்டு கேள்வி இதுதான். ஒண்ணு: ஏதாவது வலி வந்து, நின்னா போகுதா? ரெண்டு: அப்பா அம்மா எப்படி இறந்தாங்க?

ஜனவரி ஓட்டத்துக்கு நான் போகலை. அந்த ஞாயிறு அண்ணாச்சியோட தெருவில் நடந்தேன், இருபது நிமிஷம். ஹெபர்டன் குறிப்பில் ஒருத்தர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறைய குணமானார்னு வரும். அதை அண்ணாச்சிகிட்ட சொன்னேன். "மரமெல்லாம் வேண்டாம், ரோடே போதும்"னார்.

இந்தக் கார்த்திகை நிபுணர் அனுமதியோட மறுபடி வர்றார். ஏழு மணிக்கு, வெயில் வந்த பிறகு. மப்ளரோட. ரெண்டாவது கிலோமீட்டர் தாண்டும்போது நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவருக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லை டாக்டரே, ஓடுங்க."