வகுப்பில் கலக்கம், மாடிப்படியில் ஆறுதல்

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் வகுப்பறைக்குள் நுழையும் புதிய மாணவருக்கு உடனே புரிந்துவிடும்: இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. குதிரை லாட வடிவில் படிப்படியாக உயரும் இருக்கைகள். கடைசி பெஞ்ச் தரும் பாதுகாப்பு கிடையாது. யார் பேசினாலும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு 1961இல் தொடங்கப்பட்ட கழகம் இது. நிஜ நிறுவனங்களின் சிக்கல்களை விவாதித்தே பாடம் நடப்பதால் இந்த அமைப்பு தேவைப்பட்டது. விவாதம் சூடு பிடிக்கும். தயாரிக்காமல் வந்தவருக்கு வயிறு கலங்கும்.

கலக்கத்துக்கு மருந்தும் அதே வளாகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் லூயி கான் 1962இல் வடிவமைக்கத் தொடங்கிய விடுதிகளில் நீண்ட நடைவழிகளைத் தவிர்த்தார். பத்துப் பத்து அறைகள், ஒரு மாடிப்படியையும் தேநீர்க் கூடத்தையும் சுற்றி அமைந்தன. உள்ளே தனிமை, கதவைத் திறந்தால் பேச்சுத் துணை. செங்கல் சுவர்களில் உள்ள பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள் குஜராத் வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை மட்டும் அனுமதிக்கின்றன. பகலில் வகுப்பில் மோதிக்கொண்டவர்கள் இரவில் கூடத்தில் சமாதானமாகலாம்.

ஆனால் செங்கல்லுக்கும் வயதாகிறது. 2001 பூகம்பம் கட்டிடங்களைப் பலவீனப்படுத்தியது. நீர் கசிந்தது, கூரையிலிருந்து காரை பெயர்ந்தது. தலைக்கு மேல் எது விழுமோ என்ற பயத்தோடு யாரால் நிம்மதியாகப் படிக்க முடியும்? 2020 டிசம்பரில், 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாகக் கழகம் அறிவித்தது. உலகெங்கும் கட்டிடக் கலைஞர்களும் முன்னாள் மாணவர்களும் கொதித்தெழ, 2021 புத்தாண்டு நாளில் முடிவு வாபஸ்.

இடிப்பது ஒன்றே வழியல்ல என்பதற்குச் சாட்சி வளாகத்திலேயே நின்றது. பழமை கெடாமல் சீரமைக்கப்பட்ட விக்ரம் சாராபாய் நூலகத்துக்கு 2019இல் யுனெஸ்கோ விருது கிடைத்திருந்தது. இருந்தும் 2022 நவம்பரில் கழகம் மறுபடி கடப்பாரையைக் கையில் எடுத்தது. வகுப்பறைத் தொகுதி, ஆசிரியர் அறைகள், வெளிவட்ட விடுதிகள் ஆகியவற்றை வெளித்தோற்றம் மாறாமல் திரும்பக் கட்டி, உட்புறத்தை இன்றைய தேவைக்கேற்ப மாற்றுவது என்பது அறிவிப்பு.

சர்ச்சை முழுக்க வெளிச்சுவரைப் பற்றியே நடந்தது. மாணவர் வாழ்வதோ உள்ளே. இணைந்த குளியலறையும் குளிர்சாதனமும் வசதிதான். ஆனால் அவற்றுக்காகக் கதவுகள் மூடிக்கொண்டால் மாடிப்படிக் கூடம் வெறிச்சோடும். தோற்றத்தைப் படம் பார்த்துத் திரும்பக் கட்டிவிடலாம். வகுப்பில் தோற்றுத் திரும்பும் ஒரு மாணவருக்கு அங்கே ஒரு கோப்பைத் தேநீரோடு யாராவது காத்திருப்பார்களா என்பதை எந்த வரைபடமும் காட்டாது.