முப்பதாம் நாளும் நாற்பதாம் நாளும்

திருப்பதியில் 32 வாரத்திலேயே 1,600 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண்குழந்தை, பதினெட்டு நாள் தீவிரக் கவனிப்புப் பிரிவில் இருந்துவிட்டுச் சித்தூரிலுள்ள தாயின் பிறந்தகம் வந்து சேர்ந்தது. மருத்துவமனை தந்த சீட்டின் கடைசி வரியில், விழித்திரைப் பரிசோதனைக்கான தேதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது: பிறந்த 30ஆம் நாளுக்குள். வீட்டில் எவரும் அதைப் படிக்கவில்லை. நினைவூட்ட யாரேனும் அழைத்திருந்தாலும் அழைப்பு வேறோர் ஊரிலிருந்த கணவனுக்கே போயிருக்கும். பதிவேட்டில் இருந்தது அவன் எண். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் போவாள் என்பதை மருத்துவமனைப் படிவங்கள் ஏனோ அறிவதில்லை.

28ஆம் நாள் வீடு தேடி வந்த ஆஷா பணியாளர்தான் அந்த வரியைப் படித்துச் சொன்னார். பாட்டி இசையவில்லை.

"நாப்பது நாள் கழியாம பச்சப்புள்ளைய வெளிய எடுக்கறதா? வெளக்கக் காட்டினா முழிச்சுப் பாக்குது. பத்து நாள் பொறுத்தா என்ன?"

அவர் கேள்விக்குப் பின்னால் அவருடைய கண்ணே இருந்தது. கண்புரையோடு இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒரு காலைப் பொழுதில் அறுவை முடித்து, பழைய பார்வையைத் திரும்பப் பெற்றவர் அவர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 2019இல் திருப்பதிக்கும் வந்தது. அதற்கு வெகுமுன்பிருந்தே இப்பகுதியினருக்குக் கண்நோய் என்றால் முதியவர் நோய், காத்திருக்கக்கூடிய நோய்.

குறைமாதக் குழந்தையின் கண் காத்திருப்பதில்லை. விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கருவின் நான்காம் மாத அளவில் பார்வை நரம்பருகே முளைத்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் விளிம்பை எட்டுகின்றன. முன்கூட்டிய பிறப்பு அந்த வளர்ச்சியை இடையில் நிறுத்துகிறது. உயிர்காக்கத் தரும் ஆக்சிஜன் அளவு மீறினால் கேடு மிகும். பின்னர் முறைதவறி முளைக்கும் குழாய்கள் விழித்திரையைப் பிய்த்து இழுக்கலாம். அதுவரை கண் வெளியே தெளிவாகத்தான் தெரியும். உரிய வேளையில் லேசர் சிகிச்சை தந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். விழித்திரை முற்றிலும் பிரிந்தபின் பார்வை மீள்வது அரிது. கண்ணைப் பிற்பாடு சரிசெய்தாலும் மூளை இணங்க வேண்டுமே. பூனைக்குட்டியின் ஓர் இமையைச் சில வாரங்கள் தைத்துவைத்தால் அந்தக் கண்ணுக்குரிய மூளைப்பகுதி பார்க்கக் கற்பதில்லை என்று காட்டிய ஹியூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

அமெரிக்க வழிகாட்டுதல் பொதுவாக 1,500 கிராம் அல்லது 30 வாரத்தோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதால் இங்கே எல்லை 2,000 கிராம் அல்லது 34 வாரத்துக்குக் கீழ். சித்தூர்க் குழந்தை இரண்டாம் கணக்கில்தான் அகப்பட்டது.

நாற்பது நாள் விலக்கை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. கிருமித்தொற்றிலிருந்து சிசுவைக் காக்கும் வேலையை அது மெய்யாகவே செய்கிறது. ஆஷா பணியாளர் அதைப் பழிக்கவில்லை. "போய்ட்டு வந்து மறுபடியும் உள்ளயே வெச்சிக்கங்கம்மா" என்றார்.

29ஆம் நாள் விடியலில், துணியில் சுற்றிய குழந்தையோடும் ஒரு கொத்து வேப்பிலையோடும் மூவரும் திருப்பதிக்குப் புறப்பட்டனர். பாவை விரிய மருந்திட்டு, இமை மூடாமல் சிறு கம்பி பொருத்தி மருத்துவர் பார்க்கையில் குழந்தை வீறிட்டது. பாட்டி அறையைவிட்டு வெளியேறினார். முதல்நிலை மாற்றம் இருந்தது. இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், இரண்டு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்றனர்.

பாட்டி வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. சீட்டை நீட்டி, அடுத்த தேதியைத் தெலுங்கில் பெரிதாக எழுதித் தரும்படி கேட்டார். அதன்கீழ்த் தம் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார்.