படியூர்க் கல், சிவன்மலைக் கல்

திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற சாலையில் படியூரில் இறங்கினேன். முந்தின இரவு பெய்த மழையில் மேல்மண் கழுவிப்போய், சாலையை ஒட்டிய மானாவாரிக் காட்டில் கற்கள் பளிச்சென்று கிடந்தன. வேலியோரம் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க, பச்சைக்கல்லுங்களா தேடறீங்க? அதெல்லாம் எங்க பாட்டன் காலத்தோட போச்சுங்க. இது வெறும் வெங்கச்சங்கல்லு. ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

ஆகாது என்று அவர் சொன்ன கல்லைத்தான் கையில் எடுத்தேன். பேனாக்கத்தியால் அழுத்திக் கீறியபோது கல்லில் கோடு விழவில்லை. கத்தியின் இரும்புதான் அதன்மேல் சாம்பல் தடமாகத் தேய்ந்தது. குவார்ட்ஸ். 1812இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் இதன் இடம் 7. பக்கத்திலேயே இளஞ்சிவப்பாக, வழவழப்பான முகங்களோடு உடைந்து கிடந்தது ஃபெல்ட்ஸ்பார். அதன் இடம் 6. நடுநடுவே ஏடு ஏடாக உரிகிற காக்காப்பொன், அதாவது மைக்கா. இந்த மூன்றும் பெரிய பெரிய பரல்களாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பாறை பெக்மடைட்.

பெரியவர் சொன்ன பச்சைக்கல், அதாவது பெரில் என்ற கனிமம், இந்தப் பகுதியில் ஏன் கிடைத்தது என்பதற்குப் பெக்மடைட்டில்தான் விடை இருக்கிறது. பாறைக்குழம்பு இறுகும்போது முதலில் உருவாகும் கனிமங்கள் பெரிலியத்தைத் தங்கள் கட்டமைப்புக்குள் சேர்ப்பதில்லை. அது மிஞ்சிய திரவத்திலேயே தங்கித் தங்கி, அந்தத் திரவம் விரிசல்களில் புகுந்து உறையும்போது அலுமினியத்தோடும் சிலிக்காவோடும் கூடிப் பெரிலாகப் படிகிறது. படியூருக்குப் பெயர் வாங்கித் தந்த கடல்நீல அக்வாமரின் இந்தப் பெரில்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் இங்கே சுரங்கம் தோண்டிக் கல் எடுத்தார்கள். அதற்கும் வெகு முன்பே இந்தியப் பெரில் ரோமாபுரி வரை போய்விட்டது. கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதிவைத்தார். மரகதமும் பெரிலும் ஒரே இயல்புடையவை என்று பலர் நினைப்பதாகவும் அவர் குறித்திருக்கிறார்.

அந்த நினைப்புக்குச் சான்று கிடைக்க 1798 வரை ஆயிற்று. இரண்டின் படிக வடிவமும் ஒன்றாக இருப்பதைப் பிரான்சில் படிகவியலர் ஆவுயி கவனித்தார். அவர் கேட்டுக்கொண்டபடி வேதியியலர் வோக்லான் இரண்டையும் பகுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு இரண்டிலும் இருந்தது. அந்தத் தனிமம்தான் பெரிலியம். சிறிது குரோமியமோ வனேடியமோ கலந்தால் பெரில் மரகதம். இரும்பு கலந்தால் அக்வாமரின். நிறம் வந்தேறி. உள்ளே இருக்கும் அணுக்களும் அவற்றின் அடுக்கும்தான் கல்லின் அடையாளம்.

கனிமம் என்பதற்கு அறிவியல் வைத்திருக்கும் நிபந்தனைகளும் இதைச் சுற்றியவைதான். இயற்கையில் தானாக உருவாகியிருக்க வேண்டும். திடமாக இருக்க வேண்டும். வேதிச் சேர்க்கை ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும். அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் அமைந்திருக்க வேண்டும். உயிரினம் தானே உண்டாக்கியது கணக்கில் வராது. ஆகவே நிலக்கரி கனிமம் ஆகாது. எரிமலைக் கண்ணாடிக்கு அணு அடுக்கு கிடையாது, அதுவும் ஆகாது. கருங்கல் பல கனிமங்கள் சேர்ந்த பாறை. இந்த நிபந்தனைகளைக் கடந்து ஏறக்குறைய 6,000 கனிமங்கள் உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கின்றன.

அத்தனையையும் எப்படிப் பிரிப்பது? அமெரிக்கரான டேனா 1837இல் முதல் நூலை எழுதியபோது, செடிகொடிகளைப் பிரிப்பதுபோலத் தோற்றத்தை வைத்துத்தான் பிரித்தார். பிறகு அவரே அதைக் கைவிட்டு வேதியியலுக்கு மாறினார். தன் முறையைத் தானே தூக்கிப்போட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 1941இல் ஜெர்மானியரான ஸ்டிரன்ஸ் வேதிச் சேர்க்கையையும் படிக அமைப்பையும் இணைத்து அட்டவணை போட்டார். இரண்டிலும் வகுப்பைத் தீர்மானிப்பது உலோகம் இல்லை, எதிர்மின் அயனி. கந்தகமா, ஆக்சிஜனா, கார்பனேட்டா, சிலிக்கேட்டா என்பதே கேள்வி. பைரைட், ஹெமடைட், சிடரைட் மூன்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. சிடரைட்டோ இரும்பே இல்லாத கால்சைட்டைப் போல உடைகிறது. இரண்டும் கார்பனேட் என்பதுதான் காரணம்.

படியூர்க் காட்டிலேயே சுக்கான்கல்லும் கிடந்தது. எலுமிச்சையைப் பிழிந்தேன், பொடிப்பொடியாக நுரைத்தது. கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையிலிருந்து 1930களில் தொடங்கி சிமென்ட்டுக்குப் போன சுண்ணாம்புக்கல்லும் இந்தக் கார்பனேட் வகுப்புதான்.

அங்கிருந்து காங்கயத்தை நோக்கிச் சற்றுத் தூரம் போனால் சிவன்மலை. முருகனைக் கும்பிடவும், கனவில் முருகன் சொன்னதாகப் பக்தர் கொண்டுவரும் பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் படிக்கட்டு ஓரத்துப் பாறையை ஒட்டி நின்றேன். எவ்வளவு தேடியும் அதில் குவார்ட்ஸ் பரல் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் தடவியது போன்ற மங்கிய சாம்பல் பரல்கள், நடுவே வெளிறிய ஃபெல்ட்ஸ்பார், கருப்புத் துகள்கள். சாம்பல் பரல்கள் வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் அரித்து, அவை இருந்த இடங்கள் குழிகளாகி இருந்தன. அந்தச் சாம்பல் பரல்தான் நெஃபலின். நிலவியலர் தாமஸ் ஹாலந்து இந்த மலையை ஆராய்ந்து, இதன் பாறை வரிசைக்குச் 'சிவமலை' என்றே பெயரிட்டு 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வழியாக வெளியிட்டார். உலகப் பாறையியல் படிப்பில் இந்தக் கொங்கு மலைக்கு அன்றே இடம் கிடைத்துவிட்டது.

நெஃபலினும் குவார்ட்ஸும் ஒரே குழம்பில் சேர்ந்து உறைவதில்லை. இரண்டும் சந்தித்தால் வினைபுரிந்து ஃபெல்ட்ஸ்பாராகிவிடும். சிவன்மலையை உண்டாக்கிய குழம்பில் சிலிக்கா பற்றாக்குறை. சிலிக்காவோடு சேர வாய்ப்பில்லாத அலுமினியம், ஆக்சிஜனோடு மட்டும் கூடிக் குருந்தமாக உறைந்தது. மோஸ் வரிசையில் 9, வைரத்துக்கு அடுத்தது. சாணை பிடிப்பதற்கு நம் ஊர்க்காரர்கள் பயன்படுத்திய கல் இது. படியூரில் சிலிக்கா மிகுந்த திரவத்திலிருந்து சிலிக்கேட்டான பெரில். அதே சாலையில் சிவன்மலையில் சிலிக்கா குறைந்த குழம்பிலிருந்து ஆக்சைடான குருந்தம். வகைப்பாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எந்த ஊரிலும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குவார்ட்ஸில் மட்டும் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் இரு கருத்து. சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டுமே இருப்பதால் ஸ்டிரன்ஸ் அதை ஆக்சைடில் வைத்தார். அணு அடுக்கு ஃபெல்ட்ஸ்பாரை ஒத்திருப்பதால் டேனா முறையில் அது சிலிக்கேட். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

இந்தக் கண்ணோடு நவரத்தினத்தைப் பார்த்தால் வரிசை மாறிப்போகிறது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், குருந்தம். முன்னதில் குரோமியம், பின்னதில் இரும்பும் டைட்டேனியமும். மரகதம் பெரில். முத்தும் பவளமும் உயிரினங்கள் கட்டியவை. கண்டிப்பான பொருளில் கனிமங்களே இல்லை.

மாலையில் கொடுமணல் போய்ச் சேர்ந்தேன். நொய்யலின் வடகரையில் சென்னிமலைக்கு மேற்கே இருக்கிற ஊர் அது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்பார்கள். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வைப் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழக அரசின் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. பெரில், நீலக்கல், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், படிகம் என மணிகளும், துளையிட்டு முடிக்காத கற்களும் கிடைத்தன. பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், படிகம் நான்கும் குவார்ட்ஸின் வகைகள். ஆனாலும் ஒவ்வொரு கல்லும் எப்படி உடையும், எதைக் கொண்டு எதைத் துளைக்கலாம் என்று இங்கே இருந்த கைவினைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு கனிமவியலின் பாதி.

அரசு வைத்திருக்கும் வகைப்பாடு வேறு. 2015இல் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா மூன்றும் சிறு கனிமங்கள் என்று அறிவிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அவற்றைப் பெருங்கனிமங்களின் பட்டியலுக்கு மாற்றியது. பெக்மடைட்டில் அவற்றோடு பெரிலும் லித்தியமும் இருக்கக்கூடும் என்பதே அதற்குச் சொன்ன காரணம். பெரியவர் ஆகாது என்ற வெங்கச்சங்கல் இன்று சட்டப்படி பெருங்கனிமம். பள்ளிப் பாடநூல்களும் பயனை வைத்து உலோகம், அலோகம், எரிபொருள் என்று பிரித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பயனும் சட்டமும் காலத்துக்குக் காலம் மாறும். பிள்ளைகளுக்கு முதலில் கல்லின் உள்ளமைப்பைச் சொல்லித் தர வேண்டும்.

திருவக்கரைக் கல்மரங்களும் பரங்கிமலைச் சார்னக்கைட் பாறையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சிவன்மலை அந்தப் பட்டியலில் இல்லை. நிலவியல் ஆய்வுத் துறை அதைச் சேர்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இந்தப் பாறை என்னவென்று தமிழில் ஒரு பலகையும் வைக்க வேண்டும்.